கணக்கில் வராத மரம்

எங்கள் வீட்டு வாசலில் பதினான்கு ஆண்டுகளாக ஒரு மரம் நிற்கிறது. அதை நாற்றங்காலிலிருந்து வாங்கி வந்தபோது ஒரு சாண் உயரம்கூட இல்லை. ஓலையின் விளிம்பிலும் நடுநரம்பிலும் செம்பு நிறச் சாயல் ஓடியது. விற்றவர் அதைப் பாட்டில் பாம், அதாவது பாட்டில் வடிவப் பனை, என்று சொன்னார், நானும் அப்படியே நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், வருகிறவர்களிடமெல்லாம் அதன் பெருமையையும் சொல்லிக்கொண்டிருந்தேன். அடியில் பானை போல உப்பியிருக்கிறதே, அது வறட்சிக் காலத்துக்காகத் தண்ணீர் சேமித்து வைக்கும் வயிறு என்பேன். இந்த மரம் இந்தியப் பெருங்கடலில் ஒரு சிறு தீவுக்கு மட்டும் உரியது, அங்கே அழிவின் விளிம்பு வரை போய்வந்தது என்றும் சேர்த்துக்கொள்வேன். முதலில் சொன்னது தவறு. இரண்டாவது சரி, ஆனால் அதைச் சொன்ன ஒரு மாலையில்தான் சிக்கல் தொடங்கியது.

என் மனைவியின் தாய்மாமன் வந்திருந்தார். செடிகொடிகளில் எனக்கு இருப்பதைவிட அவருக்குக் கைராசி அதிகம். நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாப்பிள்ளை, வீட்டுக்கு வீடு, ஓட்டலுக்கு ஓட்டல் இந்த மரம்தான் நிக்குது. இதைப் போய் அழியப்போற மரம்னு சொன்னா யாரு நம்புவாங்க?" என்றார். நான் சிரித்து மழுப்பினேன். காட்டில் இருப்பது வேறு, தோட்டத்தில் இருப்பது வேறு என்றேன். "மரம் மரம்தானே? எங்க நின்னா என்ன?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார். அவர் மறந்திருப்பார். எனக்குத்தான் அந்தக் கேள்வி முள்ளாய்த் தைத்துக் கிடந்தது, ஏனென்றால் அதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. உலகெங்கும் வெப்பமான நாடுகளின் பூங்காக்களிலும் சாலையோரங்களிலும் எண்ணி முடியாத அளவுக்கு நிற்கும் ஒரு மரத்தை, அருகிவரும் உயிரினங்களின் பட்டியலில் மிகவும் ஆபத்தான நிலையில் வைத்திருப்பதற்கு என்ன பொருள்? காடு என்ற சொல்லின் மீது நமக்குள்ள மயக்கம் மட்டும்தானா அது?

வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை

முதலில் என் பொய்யைச் சரிசெய்துவிடுகிறேன். பாட்டில் பாமின் உப்பிய அடிமரம் தண்ணீர்த் தொட்டி என்பது பரவலான கதை. அதற்கு மேல் ஒன்றுமில்லை. பனைக் குடும்பத்து மரங்களுக்கு வேம்பையோ தேக்கையோ போல ஆண்டுதோறும் வளையம் வளையமாகப் பருக்கும் வழி கிடையாது. உச்சியில் இருக்கும் ஒற்றைக் குருத்துத்தான் மரத்தின் முழு மூலதனம். தண்டு எவ்வளவு பருமனாக வேண்டுமோ அது பெரும்பாலும் இளமையிலேயே முடிவாகிவிடுகிறது. அதன் பிறகு மரம் மேல்நோக்கித்தான் போகும். அதனால்தான் பாட்டில் பாம் சிறு வயதில் ஒரு கூஜாவைப் போலத் தரையில் உட்கார்ந்திருக்கிறது, வயதான பின் அதே கூஜாவின் மேல் ஒரு நீண்ட கழுத்து முளைத்து நிற்கிறது. ஏன் உப்புகிறது என்று கேட்டால், உயரம் குறைந்து அடி கனத்த மரம் புயல் காற்றை நன்றாகத் தாங்கும் என்பது என் சொந்த ஊகம். ஊகத்தை ஊகமாகவே வைத்துக்கொள்கிறேன், இன்னொரு தொட்டிக் கதை கட்ட விருப்பமில்லை.

அறிவியல் பெயர் ஹையோஃபோர்பி லாஜெனிகாலிஸ். பின்பகுதிக்குக் குடுவை போன்ற தண்டு என்று பொருள். முன்பகுதி அவ்வளவு அழகானதல்ல: கிரேக்கத்தில் பன்றித் தீனி. இந்த இனத்து மரங்களின் பழங்களைப் பன்றிகள் தின்றதால் வந்த பெயர். 1791இல் கேர்ட்னர் வைத்தது. ஓட்டல் வாசல்களில் விளக்குப் போட்டுக் காட்டும் மரத்துக்குள் இப்படி ஒரு பெயர் ஒளிந்திருப்பதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டு.

இந்த இனத்தில் மொத்தம் ஐந்தே வகைகள், ஐந்தும் மஸ்கரீன் தீவுகளுக்கு உரியவை. ரீயூனியனில் ஒன்று. ரோட்ரிகஸ் தீவில் ஒன்று, அதுதான் தோட்டக்காரர்கள் ஸ்பிண்டில் பாம் என்பது. நூல் நூற்கும் கதிரைப் போல நடுவில் பருத்து இரு முனையும் ஒடுங்கியிருக்கும். மொரீஷியஸ் பெருந்தீவில் இரண்டு. மீதி ஒன்றுதான் நம் பாட்டில் பாம், அது மொரீஷியஸுக்கு வடக்கே சுமார் 22 கிலோமீட்டர் தள்ளி, கடலுக்கு நடுவே நிற்கும் ஒரு பாறையில் பிழைத்துக் கிடந்தது. அதன் பெயர் ரவுண்ட் தீவு.

ரவுண்ட் தீவு

பெயர்தான் ரவுண்ட், தீவு வட்டமாக இல்லை. பக்கத்திலேயே பாம்புத் தீவு என்று ஒன்று இருக்கிறது; அது வட்டமாக இருக்கிறது, அங்கே பாம்பு இல்லை. பாம்புகள் இருப்பது ரவுண்ட் தீவில். பழைய வரைபடக்காரர் யாரோ பெயர்களை மாற்றி எழுதிவிட்டார் என்று மொரீஷியஸில் சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, இந்தக் கட்டுரை முழுவதும் பெயர் மாறிய ஒன்றைப் பற்றித்தான் என்பதால் எனக்கு அது பொருத்தமாகப் படுகிறது.

தீவின் பரப்பு சுமார் 2 சதுர கிலோமீட்டர், உச்சி சுமார் 280 மீட்டர். எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை. காலடியில் பொருபொருவென்று உதிர்வது, மழையில் ஓடையாக அறுபடுவது. ஆறு கிடையாது. கடற்கரை மணல் கிடையாது, படகை ஒட்ட நிறுத்தி அலை எழும்பும் நொடி பார்த்துப் பாறையின் மேல் தாவ வேண்டும். மனிதர் குடியேறத் தகுதியற்ற இந்த இடத்துக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம் வாய்த்தது: கப்பல் எலிகள் அங்கே ஒருபோதும் கால்வைக்கவில்லை. மொரீஷியஸ் பெருந்தீவில் எலியும் பன்றியும் குரங்கும் சேர்ந்து தின்று தீர்த்த பலவும் இங்கே தப்பிப் பிழைத்தன. பெரிய அரணைகள், பச்சையான தன் உறவினர்களைப் போலன்றிச் சாம்பல் நிறத்தில் கையளவுக்கு மேல் வளரும் பல்லிகள், மேல்தாடை எலும்பு முன்னும் பின்னுமாக இரண்டாகப் பிரிந்து மடங்கும் ஒரு பாம்பு. முதுகெலும்புள்ள விலங்குகளில் வேறெந்தக் குடும்பத்துக்கும் அப்படியொரு தாடை இல்லை. இவை எல்லாமே ஏதோ ஒருவகையில் பனை இனத்து மரங்களை நம்பி வாழ்பவை. லடானியா என்னும் விசிறிப் பனையின் காய்ந்து விழுந்த ஓலைகளுக்கு அடியில் அரணைகள் வெயிலுக்கு ஒதுங்கும். தண்டுகளிலும் மட்டை இடுக்குகளிலும் பல்லிகள் குடியிருக்கும். இரவில் அந்தப் பல்லிகளைத் தேடிப் பாம்பு மரத்தில் ஏறும்.

எலி வராத தீவுக்கு ஆட்டையும் முயலையும் மனிதர்களே கொண்டுவந்து விட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் இரண்டும் அங்கே பெருகிவிட்டன. கரை ஒதுங்கும் மாலுமிகளுக்கு இறைச்சி கிடைக்கட்டும் என்று அந்தக் காலத்தில் தீவுதோறும் இப்படி விலங்குகளை விடுவது வழக்கம். பனை இனத்து மரத்துக்கு ஆடு என்ன செய்யும் என்பது விளக்கம் தேவையில்லாதது: குருத்தைக் கடித்துவிட்டால் வேறு கிளை கிடையாது, மரம் முடிந்தது. முயலின் வேலை இன்னும் சத்தமில்லாதது. முளைத்து இரண்டு ஓலை விடும் கன்றை அது அடியோடு கொறித்துவிடும். பெரிய மரங்கள் அப்படியே நிற்கும், பூக்கும், காய்க்கும், பழம் உதிரும், விதை முளைக்கவும் செய்யும். ஆனால் அடுத்த தலைமுறை வராது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தோப்பு நன்றாகவே தெரியும். ஒவ்வொரு புயலுக்கும் ஒன்றிரண்டாக விழ, விழுந்த இடம் அப்படியே வெறுமையாக நிற்க, மண்ணைப் பிடித்துக்கொள்ள வேரில்லாமல் அந்தச் சாம்பல் மண் கடலுக்குள் வழிந்துகொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் ரவுண்ட் தீவில் எஞ்சிய வளர்ந்த பாட்டில் பாம்கள் பத்துக்கும் குறைவு. அதே தீவில் ஹரிகேன் பாம் என்ற இன்னொரு பனை வகையின் ஒரு தனி ரகம் காட்டு நிலையில் ஒற்றை மரமாகச் சுருங்கியது. மண்ணுக்குள் புதைந்து வாழ்ந்த ஒரு பாம்பு 1975இல் கடைசியாகக் கண்ணில் பட்டது, பிறகு இல்லை. மண்ணே போய்விட்டால் மண்ணில் வாழும் பாம்பு எங்கே போகும்?

1957இலேயே தீவு காப்பிடமாக அறிவிக்கப்பட்டிருந்தது. அறிவிப்பை ஆடுகள் படிக்கவில்லை. 1976இல் இயற்கையாளர் ஜெரால்ட் டரல் தீவுக்குப் போய்வந்தார். அதன் ஊர்வனவற்றைப் பிடித்து வளர்த்துப் பெருக்கும் வேலை தொடங்கியது. 1979க்குள் ஆடுகள் ஒழிந்தன. முயல்களை ஒழிக்க 1986 ஆயிற்று, நியூசிலாந்திலிருந்து வந்த காட்டுயிர்த் துறையினர் நஞ்சிட்ட இரையைப் பாறை பாறையாக வைத்து முடித்தார்கள். ஒரு மரத்தைக் காப்பதற்கு முதலில் செய்ய வேண்டியிருந்தது விதை தூவுவதோ நாற்று நடுவதோ அன்று, ஆயிரக்கணக்கில் முயல்களைக் கொல்வது. இதைப் படித்தபோது எனக்கு உடனே மகிழ்ச்சி வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொறிப்பது முயலின் குற்றமன்று. ஆனாலும் அடுத்த மழைக்காலங்களில் லடானியாக் கன்றுகள் கூட்டம் கூட்டமாகத் தலைதூக்கின. நூறாண்டுகளுக்கும் மேலாக முளைத்து முளைத்து அழிந்த ஓர் இனம், கொறிக்கும் பல் ஒன்று நின்றதும் தானே எழுந்துகொண்டது. களைகளும் அதே வேகத்தில் எழுந்தன. முயல் கன்றை மட்டுமல்ல, களையையும்தான் தின்றுகொண்டிருந்திருக்கிறது.

அந்தக் களைகளை மேய ஆள் வேண்டுமே என்று 2007 முதல் சீஷெல்ஸ் நாட்டின் அல்டாப்ரா தீவுப் பெரிய ஆமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். மொரீஷியஸுக்கென்று இருந்த பெரிய ஆமைகள் கப்பல்காரர்களின் உணவாகி எப்போதோ அற்றுப்போயின. அவற்றோடு சேர்ந்து பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்த செடிகள் ஆமையின் வாய்க்குப் பழகியவை, ஆட்டின் வாய்க்குப் பழகாதவை. எனவே இல்லாமல் போன ஆமையின் இடத்தில் வேறொரு தீவின் ஆமை பதிலாளாக நிற்கிறது. பதிலாள் என்ற இந்தச் சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

கரையிலிருந்து

மொரீஷியஸுக்குப் போக வாய்ப்பு வந்தபோது ரவுண்ட் தீவை மிதிக்க முடியாது என்று தெரிந்தேதான் போனேன். அனுமதி பெற்ற பணியாளர்களும் ஆய்வாளர்களும் மட்டுமே இறங்கலாம். அவர்களும் பை, செருப்பு, சட்டை மடிப்பு என்று ஒவ்வொன்றையும் விதை ஒட்டியிருக்கிறதா, எறும்பு ஒளிந்திருக்கிறதா என்று சோதித்த பிறகே. வட முனையில் காப் மலரோ என்ற இடத்தில் செந்நிறக் கூரை போட்ட தேவாலயம் ஒன்று கடலைப் பார்த்து நிற்கிறது. அதற்கு எதிரே கொத்தனார் கரண்டியைக் கவிழ்த்தது போல் சரிந்து நிற்பது குவான் தெ மிர் தீவு, எல்லோரும் படம் எடுப்பது அதைத்தான். வலப்பக்கம் வெகு தூரத்தில், வானத்தின் நிறத்திலிருந்து ஒரு சாயல் மட்டும் கறுத்து, ஒரு மேடு தெரிந்தது. மரம் தெரியவில்லை, பச்சை கூடத் தெரியவில்லை. கையில் இருந்த சிறிய பைனாகுலரில் பார்த்தபோதும் மேடு கொஞ்சம் பெரிய மேடாயிற்று, அவ்வளவுதான். அரைமணி நேரம் நின்றேன். எனக்குப் பின்னால் ஒரு விடுதியின் நுழைவாயிலில், வரிசையாக ஆறு பாட்டில் பாம்கள், அடிமரத்துக்கு வெள்ளைக் கல் பரப்பி, சொட்டு நீர்க்குழாய் ஓடி, செழித்து நின்றன. ஆறு. அந்தத் தீவில் ஒரு காலத்தில் இருந்த எண்ணிக்கைக்கு மிக அருகில். மாமா அருகில் இருந்திருந்தால் விரலால் எண்ணிக் காட்டியிருப்பார்.

மறுநாள் க்யூர்பிப் தாவரத் தோட்டத்துக்குப் போனேன். இதே இனத்தின் இன்னொரு வகை, ஹையோஃபோர்பி அமரிகாலிஸ், உலகத்தில் ஒரே ஒரு மரம், அங்கேதான் நிற்கிறது. அது அழகுக்காக யாரும் வாங்கும் மரமன்று. மெலிந்த தண்டும் தலையில் சில ஓலைகளும்தான். சுற்றிலும் வேலி. இந்த இனத்து மரங்களில் ஆண் பூக்கள் முதலில் விரிந்து உதிர்ந்த பிறகே பெண் பூக்கள் விரியும். பாட்டில் பாமுக்கு இது பெரிய இடைஞ்சல் இல்லை, வெவ்வேறு பருவத்தில் பல பாளைகள் ஒரே நேரத்தில் இருக்கும். இந்த ஒற்றை மரத்துக்கோ அந்தச் சில நாள் இடைவெளி கடக்க முடியாததாகிவிட்டது. அபூர்வமாகக் கிடைத்த காய்களின் கருவை எடுத்து ஆய்வகக் குடுவையில் வளர்த்திருக்கிறார்கள். அப்படி முளைத்த கன்றுகள் மண்ணுக்கு மாறியதும் பிழைக்கவில்லை. எண்ணிக்கையின்படி அருமை என்றால் இதைவிட அருமை வேறில்லை. ஆனாலும் வேலிக்கு வெளியே நின்றபோது எனக்கு வியப்பு வரவில்லை, நோயாளியைப் பார்க்கப் போன இடத்தில் வருமே, அந்தச் சங்கடம்தான் வந்தது.

கைபேசியில் ஒரு படம்

நான் தேடிப்போன பதில் மூன்றாவது நாள் பாம்பிளமூஸ் தோட்டத்தில், நான் கேட்காமலே கிடைத்தது. பனை வகைகள் வரிசையாக நிற்கும் பகுதியில் ஒரு தோட்டப் பணியாளர் விழுந்த மட்டைகளை இழுத்து ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். பேச்சு கொடுத்தபோது, எங்கள் வீட்டிலும் பாட்டில் பாம் இருக்கிறது என்று சொல்லிக் கைபேசியில் படத்தைக் காட்டினேன். ஒரு குழந்தையின் படத்தைக் காட்டும் தகப்பனின் பெருமையோடுதான் காட்டினேன் என்று இப்போது நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது. அவர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கைபேசியை வாங்கினார். இரு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். முதலில் அடிமரத்தை. பிறகு ஓலைக்கு அடியில் மட்டைகள் உருண்டு மூடிய அந்தப் பச்சைப் பகுதியை. பிறகு ஒரே ஓர் ஓலையை, நெடுநேரம். "இதற்கு விதை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "தாய் மரத்துக்குப் பக்கத்தில் ஸ்பிண்டில் பாம் நின்றிருக்கும்" என்றார்.

அவர் என்னை அழைத்துப்போய் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பாட்டில் பாமின் ஓலையில் ஈர்க்குகள் இரு பக்கமும் ஒரே தளத்தில், கூப்பப் போகும் கைகளைப் போல மேல்நோக்கி எழுந்திருக்கின்றன. ஓலைகள் குறைவு, நான்கோ ஆறோ. ஸ்பிண்டிலின் ஓலையில் ஈர்க்குகள் வெவ்வேறு கோணத்தில் கிளம்பிக் கொஞ்சம் கலைந்த தலைமுடி போல இருக்கும், ஓலைகளும் அதிகம். பாட்டிலின் வயிறு தரையோடு. ஸ்பிண்டிலின் பருமன் இடுப்பில். என் மரத்தில் ஓலை கலைந்திருந்தது, ஆனால் முழுதாக அல்ல. வயிறு தரையிலிருந்து ஒரு முழம் மேலே ஏறியிருந்தது, ஆனால் இடுப்புக்குப் போகவில்லை. சில ஆண்டுகளாகவே அந்த வயிறு மேலே போவதைக் கவனித்து, உரம் அதிகமாகிவிட்டது என்று நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டும் நெருங்கிய சொந்தம், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கலக்கும் என்றார் அவர். தோட்டங்களில் இது சாதாரணம் என்றும், மரம் அழகாகத்தான் இருக்கிறது என்றும் ஆறுதல் போலச் சொல்லிக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

அங்கேயே ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஏமாற்றப்பட்டோம் என்ற கோபம் இல்லை. விற்றவருக்கும் தெரிந்திருக்காது, அவருக்கு விற்றவருக்கும் தெரிந்திருக்காது. நினைப்பு முழுவதும் தூரத்தைப் பற்றியதாக இருந்தது. ரோட்ரிகஸ் தீவு மொரீஷியஸிலிருந்து கிழக்கே சுமார் 560 கிலோமீட்டர். ஸ்பிண்டில் அங்கே, பாட்டில் இங்கே. இடையில் ஆழ்கடல். ஒரு பூவின் மகரந்தம் அந்தத் தூரத்தைக் கடக்காது என்ற ஒரே காரணத்தால்தான் ஒன்று தரையோடு உப்பியது, இன்னொன்று இடுப்பில் உப்பியது. ஒன்றைவிட்டு ஒன்று விலகி வேறு வேறு மரங்களாக ஆவதற்கு எடுத்த காலத்தை நினைத்துப் பார்க்கவே எனக்குப் போதவில்லை. நாம் செய்தது, இரண்டும் பார்க்க நன்றாக இருக்கின்றன என்று ஒரே வாசலின் இரு பக்கமும் நட்டது. 560 கிலோமீட்டர் கடல் பத்தடி அகல வாசலாகச் சுருங்கிவிட்டது. வண்டுக்கும் தேனீக்கும் அது ஒரு தூரமா?

அப்போதுதான் மாமாவின் கேள்வி வேறு விதமாகக் கேட்டது. மரம் மரம்தானே என்றார் அவர். அப்படியானால், நாளை ரவுண்ட் தீவில் மீண்டும் ஒரு பேரிடர் வந்து அங்குள்ளவை அழிந்தால், உலகெங்கும் நிற்கும் பாட்டில் பாம்களிலிருந்து ஒரு கூடை விதை எடுத்துப்போய்த் தூவிவிடலாமா? தூவ முடியாது. எந்த விதை தூயது, எது கலப்பு என்று வாசலில் நின்று பார்த்துச் சொல்ல முடியாது. என் மரம் தன்னைக் காட்டிக்கொள்ளவே பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. கலக்காதவையாக இருந்தாலும், எத்தனையோ தோட்டங்களின் மரங்கள் எத்தனை தாய் மரங்களின் வழிவந்தவை என்பதற்குப் பதிவு கிடையாது. எண்ணிக்கையில் ஏராளம்; ஆனால் எண்ண வேண்டிய இடத்தில் அவை பெரும்பாலும் கணக்கில் வராது. ரவுண்ட் தீவில் நடுவதற்கு அந்தத் தீவின் மரங்களிலிருந்தே விதை எடுத்து நாற்று வளர்ப்பது ஏன் என்று முன்பு படித்தபோது அது ஒரு சடங்குப் பிடிவாதமாகத் தோன்றியிருந்தது.

இதை இவ்வளவு தெளிவாக எழுதிவிட்டாலும், எனக்குள் ஒரு மறுப்பு இன்னும் அடங்கவில்லை. ஆமை விஷயத்தில் பதிலாளை ஏற்றுக்கொண்டவர்கள் மர விஷயத்தில் ஏன் தூய்மையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்? அல்டாப்ரா ஆமை மொரீஷியஸ் ஆமை இல்லை. இருந்தும் மேய்கிறது, விதையைச் சுமக்கிறது, போதும் என்கிறோம். என் கலப்பு மரத்தை அந்தப் பாறையில் நட்டால் பல்லி அதில் ஏறாதா, பாம்பு அந்தப் பல்லியைத் தேடி வராதா? வரும் என்றுதான் நினைக்கிறேன். எனக்குக் கிடைத்த ஒரே விடை இது: ஆமை முழுதாகப் போய்விட்டது, அதனால் பதிலாள். பாட்டில் பாம் போகவில்லை. பத்துக்கும் குறைவாகக் குறைந்தாலும், அந்தக் காற்றிலும் உப்பிலும் நின்றுகொண்டேயிருந்தது. உயிரோடு இருப்பவர் வீட்டுக்குப் பதிலாளை அனுப்புவது முறையாகாது.

திரும்பி வந்த பிறகு

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு மரம் முதல் பாளை விட்டது. கமுகின் பாளையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது விசித்திரமாக இருந்தது. மட்டைக் கழுத்துக்குக் கீழே, தண்டைச் சுற்றிலும் கூரிய பச்சைக் கொம்புகள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டு, தலையில் கொம்பு முளைத்த ஏதோ ஒரு விலங்கைப் போல மரம் நின்றது. உறை வெடித்து விழுந்ததும் உள்ளே சிறு துடைப்பம் போலக் கிளைகள். ஒவ்வோர் இழையிலும் பூக்கள் சிறு சிறு வரிசையாக ஒட்டியிருக்கும். வரிசையின் அடியில் ஒரு பெண் பூ, அதற்கு மேலே சில ஆண் பூக்கள். ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு காலை நேரங்களில் பார்த்தேன். மேலிருந்து ஆண் பூக்கள் விரிந்து, உதிர்ந்து, தரையில் வெளிறிய தவிடு போலக் கிடந்தன. அடியில் பெண் பூ மூடியபடியே இருந்தது. சில நாட்கள் கழித்து அது விரிந்தபோது அதே பாளையில் ஆண் பூ ஒன்றும் மிச்சமில்லை. க்யூர்பிப்பில் வேலிக்குள் நிற்கும் மரத்துக்கு ஒவ்வொரு முறையும் இதுதான் நடந்திருக்கும் என்ற நினைப்பு வந்து, அன்று பூதக்கண்ணாடியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

என் மரத்துக்கு அந்தத் துயரம் இல்லை. அடுத்த பாளை சரியான நேரத்தில் வெடித்தது. காய் பிடித்தது, மெல்ல ஆரஞ்சாகிப் பின் கறுத்தது. பாளைகளை வெட்டிவிடலாமா என்று யோசித்தேன், கை வரவில்லை. விதைகள் முளைக்க மாதக்கணக்கில் ஆயின. ஒன்பது கன்றுகள் வந்தன, ஓலை விளிம்பில் அதே செம்புச் சாயலோடு. அவற்றில் எது பாட்டில் பக்கம் சாயும், எது ஸ்பிண்டில் பக்கம் சாயும் என்பது எனக்கு இப்போது தெரியாது, இன்னும் பத்தாண்டுகளுக்குத் தெரியாது.

போன மாதம் மாமா வந்தார். கன்றுகளைப் பார்த்ததும், "ஒண்ணு எனக்குக் குடுங்க மாப்பிள்ளை, பாட்டில் பாம் எங்கிட்ட இல்ல" என்றார். பயணத்தில் கண்டதையெல்லாம் சொன்னேன், முயல், ஆமை, 560 கிலோமீட்டர், எல்லாம். அவர் முன்பு கேட்டதை நான் நினைவூட்டவில்லை. அவரும் நினைவிருப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நல்ல கன்றாக ஒன்றைத் தேர்ந்து, தொட்டியில் ஒரு சிறு பலகையைச் செருகி, 'கலப்பு, விதைக்கு உதவாது' என்று எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்தார். "அப்போ இதுக்குப் பேரு?" என்றார். இல்லை மாமா என்றேன். "பேரு இல்லாட்டி என்ன, நல்லா வளந்தா சரி" என்று தொட்டியை எடுத்து வண்டியில் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டார். அவர் வண்டி தெருமுனையில் திரும்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது, அவர் வீட்டு வாசலின் இரு பக்கமும் ஏற்கெனவே ஸ்பிண்டில் பாம்கள் நிற்கின்றன.